வெந்நீர் குடித்த வீடு

வாந்திபேதியில் என் மனைவி போனபோது அவளுக்கு இருபத்தாறு வயது, மகளுக்கு ஆறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கம் அது. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் நாற்பத்தைந்து தாண்டிய ஆளைக் கூசாமல் ‘கிழடு’ என்பார்கள். ஐம்பதில் செத்தால், இருந்து அனுபவித்துவிட்டுத்தான் போனார் என்று பேசிக்கொள்வார்கள்.

கிணற்றுக்கு மருந்து போட வந்த சுகாதார இன்ஸ்பெக்டர், “தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க. பிள்ளையாவது மிஞ்சட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, கருப்பட்டிக் கடையைத் திறக்கப் போகுமுன் ஒரு பானைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைப்பேன்.

எங்கள் பக்கம் வெந்நீர் குடிப்பவர்கள் இரண்டே பேர்: நோயாளி, பிள்ளை பெற்றவள். என் வீட்டில் பிரசவம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆக, சீக்கு இன்னும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை என்று தெரு முடிவு கட்டிவிட்டது. பிள்ளைகளை என் மகளோடு விளையாட விடவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் மட்டும் எட்ட நின்று கேட்பார்: “அண்ணாச்சி, அடுத்தாப்ல கடல் தண்ணியக் காய்ச்சப் போறியளாமே?”

நல்ல பேச்சுதான். வீட்டில் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

ஆத்தூரிலிருந்து என் அக்கா வந்தாள். செம்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்ததும் துப்பிவிட்டாள்.

“ஏலே, நீ என்ன பிள்ள பெத்தவளா? புகை நாத்தம் அடிக்கி. பிள்ளைய எங்கூட அனுப்பு. அங்கன எம்பிள்ளையளோட சேந்து வளரட்டும். இங்கன அவகூட யாரு பேசுதா?”

அவள் சொன்னது நிஜம். மகளும் ஆசையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“தண்ணியக் கொதிக்க வச்சுக் குடுப்பியாக்கா?”

“நம்ம ஐயாவும் அம்மையும் கொதிக்க வச்சா குடிச்சாவ?”

“அதனாலதான் ரெண்டு பேரும் ஒரே வாரத்துல போனாவ.”

அக்கா செம்பைத் தரையில் வைத்தாள். “அது அவுக தலையெழுத்துலே. என்னயும் சேத்துல்லா குத்தம் சொல்லுத. நாந்தான அவுகளுக்குத் தண்ணி கோரிக் குடுத்தேன்” என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை.

அன்று அக்கா போன பிறகு, தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே தரையில் கரியால் கட்டம் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் நொண்டினேன்.

“கோட்ட மிதிச்சிட்டிய” என்றாள் அவள், வாசலை விட்டு வராமலே.

“நீ வந்து ஆடிக் காட்டு” என்றேன்.