சொட்டு மாமாவும் இரண்டு பாட்டில்களும்

பாத்திரம் கழுவும் சோப்புத் திரவப் பாட்டிலைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறார் சொட்டு மாமா. உள்ளே ஏதோ ‘களுக்’ என்கிறது. “இருக்கு” என்று முகம் மலர்ந்து, அதில் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்குகிறார். நேற்றும் விட்டார், முந்தாநாளும் விட்டார். பச்சையாக இருந்த திரவம் இப்போது மழைத்தண்ணீர் நிறத்தில் இருக்கிறது.

“அது வெறும் தண்ணிங்க” என்கிறாள் அவர் மனைவி, பிசுக்கேறிய வாணலியும் கையுமாக.

“யாரு சொன்னா? மூணாம் கழுவல். வாசனை பாரு.”

அவள் வாசனை பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டின் சோப்பு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அதுவரை அந்த வீட்டில் சோப்பு என்பது பேசுவதற்கு உரிய விஷயமாகவே இருந்ததில்லை. இப்போது துணி சோப்பு வாங்கியவுடன் அதை நூலால் மூன்று துண்டாக அறுத்து, பரணில் காயப்போடுகிறார். காய்ந்த சோப்பு கரையாதாம். தேய்க்கும் நார் நாலாக வெட்டப்படுகிறது. கால் துண்டு நாரைப் பிடித்துக் குக்கர் தேய்த்தால் நகம்தான் தேய்கிறது. தரை துடைக்கும் மருந்துப் பாட்டிலின் மூடியில் சூடான ஊசியால் ஒரு துளை. அதிலிருந்து வாளியில் சொட்டுச் சொட்டாக விடுவதைப் பார்த்துத்தான் அடுக்குமாடிப் பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் அவருக்குக் கோபமே வருவதில்லை. “சொட்டுன்னா என்ன கேவலமா?” என்பார்.

அவருடைய பழைய பனியனுக்கும் அந்த வீட்டில் பதவி இறக்கம்தான் உண்டு, ஓய்வு கிடையாது. முதலில் சாப்பாட்டு மேசை, பிறகு அடுப்பு, பிறகு தரை, கடைசியில் சைக்கிள் சங்கிலி.

கஞ்சர் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பழம் வாங்கினால் கூடை நிறைய வாங்குவார். பாதி அக்கம்பக்கத்துக்குப் போய்விடும். மேல்வீட்டுக்காரியின் துணி துவைக்கும் மெஷினை ஒரு பகல் முழுக்கக் குப்புறப் படுத்துச் சரிசெய்து, கூலியாக ஒரு காப்பி மட்டும் குடித்துவிட்டு இறங்கி வந்தார். மனைவி இதைச் சுட்டிக்காட்டினால் பதில் தயார். “திங்கிறது உடம்புக்குப் போகுது. இது சாக்கடைக்குத்தானே போகுது? சாக்கடைக்கு எதுக்கு இவ்வளவு செல்லம்?”

திரைச்சீலை தைத்துக் கொடுப்பது மனைவியின் தொழில். பெரிய வீட்டு ஜன்னல்களின் துணியெல்லாம் அவள் மடியில் விரிந்து கிடக்கும். ஒருமுறை வாடிக்கையாளரின் வெள்ளைத் துணியில் தையல் மெஷின் எண்ணெய் பட்டுவிட்டது. கணவர் கரைத்து வைத்திருந்த சோப்புத் தண்ணீரில் கசக்கக் கசக்கக் கறை பரவியதே தவிரப் போகவில்லை. அன்று அவள் தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போய்ப் புதுப் பாட்டில் ஒன்று வாங்கி, துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தாள். அவர் குளிக்கப் போகும் நேரத்தில் அதை எடுத்துப் பாத்திரங்களை மளமளவென்று தேய்த்து முடிப்பாள். கட்டின கணவனுக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாகச் சோப்புப் போடுகிற பெண்பிள்ளை உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று அவளுக்கு ஆத்திரமாக வரும்.

தலையைத் துவட்டிக்கொண்டே வருவார். “இன்னிக்குத் தட்டெல்லாம் பளபளங்குதே?”

“ம்.”

“பாத்தியா? மூணாம் கழுவல்!”

போன ஞாயிற்றுக்கிழமை அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனாள். போகும்போது அவர் குளியலறை அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். துணி வெளுக்கும் மருந்து ஒரு பாட்டிலில் கொஞ்சம், கக்கூஸ் கழுவும் ஆசிட் இன்னொன்றில் கொஞ்சம்.

“எதுக்கு ரெண்டு பாட்டில் இடத்தை அடைச்சுக்கிட்டு? ஒண்ணுல ஊத்திடறேன்.”

“ரெண்டும் வேற வேறங்க. பேசாம வையுங்க.”

“ரெண்டும் அழுக்கு எடுக்கிறதுதானே. சேந்தா சண்டையா போடப்போகுது?”

அவரோடு வாதாடி ஜெயித்ததாக அவளுக்கு நினைவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது கூடம் வரைக்கும் நெடி. மூக்கும் தொண்டையும் எரிந்தன. குளியலறையில் இருமல் கேட்டது. இருமல் என்றுகூடச் சொல்ல முடியாது, நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வரும் சத்தம். ஈரத்துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு கதவைத் தள்ளினாள். மஞ்சளும் பச்சையுமாகப் புகை. அதன் நடுவில், கண்ணில் தாரை தாரையாக நீர் வழிய, பாட்டில் மூடியைத் தேடித் தரையைத் தடவிக்கொண்டிருந்தார் அவர்.

சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். “மூடி...” என்றார். “மூடியாவது மண்ணாவது!” என்று கத்திக்கொண்டே படியிறங்கினாள். இறங்கும்போதுதான் அவர் உதடு நீலம் பாரித்திருப்பதைக் கண்டாள். அவள் போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரி காரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மருத்துவமனையில் முகமூடி மாட்டி ஆக்ஸிஜன் வைத்தார்கள். “இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார்” என்று டாக்டர் அவளைப் பார்த்துச் சொன்னார், ஏதோ அவள்தான் ஊற்றியது போல.

சாயங்காலம் மூச்சு சீரானது. முகமூடியைக் கழற்றிவிட்டார்கள். அப்போதுதான் அவள் ஆரம்பித்தாள்.

“சோப்பு தீந்துபோனா கடைக்குப் போவேன். நீங்க தீந்துபோனா நான் எந்தக் கடைக்குங்க போறது?”

அவர் போர்வை ஓரத்தைத் திருகினார்.

“சொல்லுங்க. எந்தக் கடைக்கு? இத்தனை வருஷமா ஒவ்வொரு பாட்டிலா ஆட்டி ஆட்டிப் பாத்தீங்களே, ஒரு தடவையாவது நான் சொன்னதைக் காதுல வாங்கினீங்களா?”

“இல்ல” என்றார், கரகரத்த குரலில். அவர் அப்படி ஒத்துக்கொண்டது இதுவே முதல் முறை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். அந்த ஜன்னல் திரையின் தையல் கோணலாக இருந்தது. அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

நர்ஸ் மாத்திரையோடு வந்தாள். கொடுப்பதற்கு முன், “கையை நீட்டுங்க” என்று சுவரில் மாட்டியிருந்த கிருமிநாசினியை அழுத்தி, அவர் உள்ளங்கையில் தாராளமாக வழியவிட்டாள். அவர் அதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு அவள் கையை இழுத்துத் தன் உள்ளங்கையோடு சேர்த்து வைத்து, இருந்ததில் பாதியை அவள் விரல்களில் பதமாகத் தேய்த்துவிட்டார்.