நிறுத்திய மாத்திரை

புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் அப்பாவைக் காய்ச்சலுக்குச் சேர்த்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தவரின் மனைவியை அங்கேதான் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். ஒல்லியான கைகள், காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி. கணவருக்கு எதைச் செய்யும் முன்பும் நர்ஸிடம் போய் நிற்பார். ஈரத்துணியால் உதட்டைத் துடைக்கக்கூட, “சிஸ்டர், தொடைக்கலாங்களா?” என்று கேட்பார்.

நான்காம் நாள் அதன் காரணத்தைச் சொன்னார். கணவருக்குப் பார்க்கின்சன் என்கிற நடுக்க நோய். மாத்திரையின் அளவைக் கூட்டியதும் நடை சீரானது. ஆனால் வீட்டில் இல்லாத இரண்டு பிள்ளைகள் அவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினார்கள்.

“‘புள்ளைகளுக்குச் சோறு போடு’ம்பாக தம்பி. எங்களுக்குப் புள்ளையே இல்ல. பேய் புடிச்சிருச்சோன்னு பயந்து, யாருட்டயும் கேக்காம மாத்திரைய நிறுத்திப்புட்டேன்.”

மூன்றே நாளில் உடம்பு கட்டையாக விறைத்து, காய்ச்சல் கொதித்து, நினைவும் தப்பிவிட்டது. பிள்ளைகள் தெரிந்தது மருந்தின் பக்கவிளைவு, சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருக்கலாம், திடீரென நிறுத்தவே கூடாது என்றாராம் டாக்டர்.

“அவுக பயப்படல தம்பி. சந்தோசமாத்தான் இருந்தாக. நாந்தான் பயந்தேன்.”

குறைந்த அளவில் மூக்குக்குழாய் வழியே மருந்து மறுபடி போயிற்று. நாங்கள் கிளம்பும் நாளில் கணவர் கண் திறந்தார். அந்த அம்மா குனிந்து, “புள்ளைக தெரியுதாங்க?” என்று கேட்டார். அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இல்லையென்று தலையசைத்தார்.

“நல்லதாப் போச்சுங்க” என்று சொன்ன அந்த அம்மா, சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். நிம்மதியில் அழுதாரா, அந்தப் பிள்ளைகளுக்காக அழுதாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.