வசந்தி என்று கூப்பிட்டேன்

காலை 5.40. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் கிளம்பியது. டிக்கெட் நூற்றெண்பத்தைந்து ரூபாய். பக்கத்து இருக்கைக்காரர் செங்கல்பட்டு வருவதற்குள் குறட்டையில் இறங்கிவிட்டார். நூற்று அறுபது சொச்சம் கிலோமீட்டர் இவரைத் தாங்க வேண்டுமே என்று எரிச்சலாக இருந்தது. என் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதில் ஆறு பக்கம். அடுத்த வாரம் சென்னையில் ஒரு கூட்டம். பாலியல் தொழிலையும் கஞ்சாவையும் சட்டபூர்வமாக்கி, உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்தலாமா என்பது தலைப்பு. கஞ்சாவுக்கு வேறொருவர் பேசுகிறார். முதல் பாதி என்னுடையது. 'தாராளமாகச் செய்யலாம்' என்பது என் கட்சி. உரிமம், அடையாள அட்டை, மாதாந்திரப் பரிசோதனை, முறையான பதிவேடு என்று நான்காவது பக்கத்தில் அழகாக எழுதியிருந்தேன்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் திருவண்ணாமலையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சுகாதாரப் பணியாளராக இருந்தேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் தொழில் செய்த பெண்களுக்கு ஆணுறை கொடுப்பேன், பரிசோதனைக்கு அழைத்துப் போவேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாக இருந்த வருடங்கள் அவை. செஞ்சிக் கோட்டை கண்ணில் பட்டதுமே ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தேன்.

10.15. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் முகம் கழுவ அறை கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் என் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரலை. நான் மட்டும்தான்."

"சிங்கிள் லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லைங்க. ஃபேமிலியோட வந்தா குடுப்போம்."

"எனக்கு அம்பத்தெட்டு வயசுங்க."

"வயசப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே மேடம்" என்றார், மிகுந்த மரியாதையோடு.

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பெண்களுக்காக இதே மாதிரி கவுண்டர்களில் நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை. பஸ் நிலையக் குழாயிலேயே முகம் கழுவிக்கொண்டு, கிரிவலப் பாதைக்கு நூற்றைம்பது ரூபாய் பேசி ஆட்டோ ஏறினேன்.

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டியதும் மரத்தடியில் இரண்டு சாமியார்களும் ஒரு வெள்ளைக்காரரும் கஞ்சா புகைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை ஆட்டோவுக்குள் வந்துவிட்டுத்தான் போனது.

"இவங்கள யாரும் புடிக்க மாட்டாங்கம்மா. எங்க தெருப் பையன் பொட்டலம் வெச்சிருந்தான், உள்ள தள்ளிட்டாங்க" என்றார் ஓட்டுநர்.

"அப்ப லைசென்ஸ் குடுத்துடலாமா?"

"குடுக்கட்டுமே. சரக்கு கவர்மெண்டேதான விக்குது, அதனால குடி கம்மியா ஆச்சு? ஜாஸ்திதான் ஆச்சு. எதச் செஞ்சாலும் மாட்றது எங்க ஆளுங்கதாம்மா."

வண்டி ஓட்டிக்கொண்டே இரண்டு கட்சிக்கும் பேசிவிட்டார். நான் ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

11.30. இதுவரை விலையும் தூரமும் கறாராகச் சொல்லி வந்தேன். இனி ஒரு கடை வருகிறது. கிரிவலப் பாதையில் எந்த லிங்கத்துக்கு அருகே, எந்த ஊர் எல்லைக்குள் என்று கேட்காதீர்கள். ஓர் இட்லிக் கடை, அவ்வளவுதான். பௌர்ணமியன்று அண்டா அண்டாவாகப் போகுமாம். அன்று சாதாரண நாள், பெஞ்சில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிரிவலம் வந்த என் பழைய சக ஊழியர் ஒருவர்தான், நான் தேடி வந்த பழைய சிநேகிதியை அங்கே பார்த்ததாகச் சொல்லியிருந்தார்.

அவள் முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் அதே நிற்பு. அந்த நாட்களில் தானும் தொழில் செய்துகொண்டே, மற்ற பெண்களை எங்களிடம் கூட்டி வந்தவள் அவள்தான். மத்தியான வெயிலில் இரண்டு பேரும் ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றபடி பெரிய தெருவில் நடந்திருக்கிறோம். சந்தோஷம் தாங்காமல் வாசலில் நின்று, "வசந்தி!" என்று கத்தினேன்.

அவள் திரும்பவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "இங்க வசந்தின்னு யாரும் இல்லீங்களே" என்றார். அப்புறம்தான் அவள் மெதுவாகத் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருங்க வேணும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வசந்தி என்பது நாங்கள் கொடுத்த அடையாள அட்டையில் இருந்த பெயர். எங்கள் பதிவேட்டில் எந்தப் பெண்ணும் சொந்தப் பெயரைத் தரமாட்டாள். பாதிப் பேர் சினிமா நடிகைகளின் பெயரை வைத்துக்கொண்டார்கள். யாருக்கு எந்த நடிகை என்று சண்டைகூட வந்து, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். இவள் மட்டும் சாதாரணமாக 'வசந்தி' என்று எழுதச் சொன்னாள். அந்த ஒரு பெயரைத்தான் ஊருக்கு நடுவில் நின்று கூவியிருக்கிறேன்.

"மன்னிச்சுக்கோம்மா, ஆள் மாத்திக் கூப்பிட்டுட்டேன்" என்று உளறினேன்.

"பரவால்லீங்க" என்றவள், பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, "எனக்கு ஆஸ்பத்திரில பழக்கம்ங்க, வயசாச்சு இல்ல, பேரு மறந்துட்டாங்க" என்றாள். பொய்யை எவ்வளவு சுத்தமாகச் சொன்னாள்! எனக்கு இரண்டு இட்லி வைத்தாள். சாம்பார் ஊற்றத்தான் மறந்துவிட்டாள்.

1.00. கடை ஓய்ந்தது. எதிரே உட்கார்ந்தாள். லாட்ஜ் கதையைச் சொன்னேன். "உங்களுக்கே ரூம் இல்லையா அக்கா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பழைய வருடங்கள் எல்லாம் திரும்பி வந்தன. அந்தத் தைரியத்தில் கூட்டத்தைப் பற்றிச் சொல்லி, "நீயும் வந்து ரெண்டு வார்த்தை பேசேன்" என்றேன். உரிமம், அட்டை என்று நாலாவது பக்கத்தையும் படித்துக் காட்டினேன்.

அவள் முகம் மாறியது.

"குத்தம் இல்லன்னு ஆக்கச் சொல்லுங்கக்கா, அது போதும். தொழில் செய்யறது குத்தமில்லையாம், ஆள கூப்புட்டா குத்தமாம், ரூம் குடுத்தவனுக்கும் குத்தமாம். இது இன்னா நியாயம்? அத எடுத்துடுங்க. ஆனா கார்டு மட்டும் வேணாம்."

"ஏன்?"

"நீங்க குடுத்தீங்களே ஒரு கார்டு. போட்டோ ஒட்டி, பிளாஸ்டிக் போட்டு. எப்பவும் பையிலயே வெச்சிக்கணும்னு சொன்னீங்க. வெளியூரு பஸ் ஸ்டாண்டுல ஒரு தபா போலீஸ்காரங்க புடிச்சாங்க. பையக் கொட்டினாங்க, கார்டு வந்து வுழுந்துச்சு. வேற சாட்சியே வேணாம்னு சிரிச்சாங்க. மூணு நாள் உள்ள இருந்தேன். கொழந்தைக்கு ரெண்டு வயசு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க அவ்ளோ ஆசையா செஞ்சி குடுத்தீங்க. எப்படிச் சொல்றது?"

அந்த அட்டைகளை நான்தான் ராத்திரி கண் விழித்து ஒட்டினேன். இத்தனை வருடமும் நான் பெருமையாக நினைத்து வந்த வேலை அது. உட்கார்ந்த இடத்திலேயே கூசிப்போனேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கார்டு போனா போவட்டும், கிழிச்சுட்டேன். ஆபீஸ்ல ஒரு பெரிய நோட்டு இருந்துச்சே, அதுலயும் என் போட்டோ ஒட்டி இருந்துச்சே, அது எங்கக்கா?"

எனக்குத் தெரியவில்லை. நிறுவனத்தை மூடுவதற்கு முன்பே நான் சென்னைக்கு மாறிவிட்டேன்.

"எம்பொண்ணு இப்ப வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ்ல டைப்பிஸ்டு. போன வருஷம் போட்டாங்க. அவளுக்கு எதுவும் தெரியாது. அந்த நோட்டு கவர்மெண்டு கைக்குப் போயிருந்தா? பழைய பீரோவ கிளீன் பண்ணோம்மான்னு அவ வந்து சொல்ற அன்னிக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்காது."

விசாரித்துச் சொல்கிறேன் என்று அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

3.00. பழைய ஆபீஸ் இருந்த சந்து. வீட்டுக்காரர் இருந்தார், அடையாளம் கண்டு காபி கொடுத்தார். நாங்கள் பெண்களை உட்காரவைத்துப் பேசிய அறையில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. அங்கே கேட்ட சிரிப்பெல்லாம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ரெண்டு பீரோ இருந்துச்சும்மா. ஒரு நாள் வேன்ல ஏத்தினு போயிட்டாங்க."

"யாரு? எங்க ஆளுங்களா, கவர்மெண்டா?"

"அத நான் கேக்கலியே. வாடகை பாக்கி இல்ல, அதான் சாவியக் குடுத்துட்டேன்."

4.10. சென்னை பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டு அவளுக்கு போன் செய்தேன். நோட்டை எரித்துவிட்டார்களாம் என்று சொல்லிவிடலாம், நிம்மதியாகச் சாப்பிடுவாள் என்று தோன்றியது. வாய்வரை வந்துவிட்டது.

"பீரோவோட வேன்ல போயிடுச்சாம். எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியலை. இவ்வளவு வருஷத்துல கரையான் தின்னிருக்கும்" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லை."

அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தினாள்.

"செரிக்கா. அப்ப கூட்டத்துல அதச் சொல்லுங்க. நான் வர மாட்டேன், எம்பேரும் வேணாம். கார்டு குடுத்தது நான்தான், நோட்டு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியலன்னு நீங்களே சொல்லுங்க. உங்க பேரச் சொல்லிச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டாள். பஸ் கிளம்பியது. எத்தனையோ மேடைகளில் என் பெயரைச் சொல்லிப் பேசியிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது அன்றுதான்.