அண்ணனுக்கு நான் எழுதிவந்த ஹிஸ்டரி கார்டு

எங்கள் அண்ணன் இறைவனில் துயில்கொண்டு இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அவரோடு விளையாடியவர்களுக்கும், தெருவாசிகளுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். நினைவு மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது அம்மா, "தேதியெல்லாம் உனக்குத்தான் தெரியும், நீயே எழுதிடு" என்று சொல்லிவிட்டார். அண்ணன் ஆடிய அணிகள், ஊர்கள், சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் கடைசிப் பக்கத்தில் பட்டியலாக இருக்கின்றன. அதனால் இங்கே கிழமைகளும் மாதங்களும் போதும் என்று விட்டிருக்கிறேன்.

பட்டியலில் அடங்காத ஒன்றைச் சொல்லவும் இந்தக் கட்டுரையைப் பயன்படுத்திக்கொள்கிறேன். அண்ணனுக்கு வியாழக்கிழமை வலி வந்தது. சனிக்கிழமைதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நடுவில் இரண்டு நாள் ஏன் வீட்டில் வைத்திருந்தோம் என்று உறவினர்களில் பலர் கேட்கிறார்கள். என்னிடமோ அம்மாவிடமோ கேட்பதில்லை. அண்ணி இல்லாத இடத்தில், அண்ணியைப் பற்றிக் கேட்கிறார்கள். அதற்கான பதில் என்னிடம் இருக்கிறது.

அண்ணன் ஓசூரில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று பிறந்தார். அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து லேத் வேலைக்கு வந்தவர். ஏழாம் வகுப்பு முடிவதற்குள் அண்ணன் அப்பாவைவிட உயரமாகிவிட்டார். கோவிலை ஒட்டிய பள்ளியில் ஒரு சிமெண்டு கூடைப்பந்துத் தளம் இருந்தது. உயரமாக இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக உடற்பயிற்சி ஆசிரியர் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்.

மாவட்ட அணிக்கான தேர்வு கிருஷ்ணகிரியில் நடந்தது. அன்று சானமாவு அருகே யானைகள் சாலையைக் கடந்ததால் பஸ் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. பஸ்ஸுக்குள் குனிந்தே நின்றிருந்த அண்ணனைப் பார்த்துக் கண்டக்டர், "இன்னும் வளராத கண்ணு. உனக்காகக் கூரையில ஓட்டை போட்டா டெப்போல என்னைத்தான் கேப்பாங்க" என்றாராம். அண்ணன் போய்ச் சேர்ந்தபோது தேர்வு முடிந்து பெயர்கள் எழுதியாகிவிட்டன. வாசலில் தலையைத் தாழ்த்தி நுழைந்தவரைப் பார்த்த தேர்வாளர், எழுதிய தாளில் ஒரு பெயரை அடித்துவிட்டு, "பேர் என்னப்பா?" என்று மட்டும் கேட்டார். அடிபட்ட அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்துகொள்ள அண்ணன் பிற்பாடு எவ்வளவோ முயன்றார். தெரியவில்லை. அது அவருக்குக் கடைசிவரை ஒரு குறையாகவே இருந்தது.

பத்தொன்பது வயதில் சென்னையில் ஒரு நிறுவனத்தின் அணியில் சேர்ந்தார். அங்கிருந்து பெங்களூரு, லூதியானா, கொல்கத்தா, ஜெய்ப்பூர், திரும்பவும் சென்னை, பிறகு கொழும்பு, டாக்கா, மாலே. ஓர் அணியில் அதிகபட்சம் இரண்டு பருவம். நிரந்தர வேலை தருவதாகச் சொன்ன இரண்டு இடங்களிலும், கையெழுத்தாகும் நேரத்தில் அணியையே கலைத்துவிட்டார்கள். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்: "நான் வாடகை வீடு மாதிரி பாப்பா. எல்லாருக்கும் பதினோரு மாச அக்ரிமெண்டுதான்."

ரயில் பெர்த்தில் அவர் கால் முழங்காலுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டீ விற்பவர்கள் இடித்துவிட்டுப் போவார்கள். அவர் அளவுக்குச் செருப்பு இந்தப் பக்கத்தில் கிடைக்காது. வீட்டில் இருக்கும்போது குதிகால் வெளியே தெரியச் செருப்பு போட்டு நடப்பார். அப்பா இறந்தபோது அவர் மாலேயில் இருந்தார். மூன்றாம் நாள்தான் வந்து சேர முடிந்தது. நேராகக் கல்லறைக்குப் போய், ஈரமண்ணின் பக்கத்தில் முட்டி போட்டவர் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. ஊர் ஊராகப் போனதில் தான் வருத்தப்பட்டது அந்த ஒரு நாளுக்காகத்தான் என்று சொல்லியிருக்கிறார்.

இனி என் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஹிஸ்டரி கார்டு உண்டு. என்றைக்குப் பழுதானது, என்ன பழுது, என்ன செய்தோம், எத்தனை மணி நேரத்தில் சரியானது என்று கட்டம் கட்டமாக எழுதிவைப்போம். மெஷின் மறுபடி நின்றால் முதலில் கார்டைத்தான் பார்ப்போம். போன தடவை எது சரிசெய்ததோ அதுவே பெரும்பாலும் இந்தத் தடவையும் சரிசெய்யும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், விளையாட்டாக, அண்ணனுக்கும் ஒரு கார்டு போட்டேன். ஞாயிறு திருப்பலி முடிந்து அவர் போனில் பேசும்போது கணுக்கால் பிசகியது, விரல் சுளுக்கியது என்று ஏதாவது சொல்வார். எழுதிக்கொள்வேன். "என்னை மிஷினாவே ஆக்கிட்டியா நீ" என்று சிரித்தார். புதிய அணிகளில் பழைய காயங்களைக் கேட்பார்கள் அல்லவா? அப்போது எனக்குத்தான் போன் வரும்.

"பாப்பா, எடது கணுக்கால் கடைசியா எப்போ?"

"கொல்கத்தால, தீபாவளிக்கு முந்தின புதன். ஒம்பது நாள்."

"பாத்தியா, என் உடம்பு என்கிட்ட இல்ல, உன் பீரோல இருக்குது" என்பார். பக்கத்தில் இருப்பவர்களிடமும் பெருமையாகச் சொல்வார். ஆட்டத்தை விட்டு ஓசூருக்கே திரும்பி, படித்த அதே பள்ளியில் பயிற்சியாளரான பிறகும் கார்டு தொடர்ந்தது. கார்டைப் பார்த்து, எந்த வலி எத்தனை நாளில் விடும் என்று நான் சொல்லும் கணிப்பு ஒருமுறைகூடத் தவறியதில்லை. மூன்று நாள் என்றால் மூன்றே நாள். வீட்டில் எல்லோருக்கும் அதில் நம்பிக்கை வந்துவிட்டது. எனக்குத்தான் எல்லோரையும்விட அதிகமாக வந்துவிட்டது.

அண்ணி ஆனேக்கல்காரர், கன்னடம் பேசுகிறவர். தமிழை நன்றாகவே பேசுவார், படிக்க வராது. பதறினால் மட்டும் வாயில் கன்னடம்தான் வரும். இது எங்களுக்குப் பழக்கம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது.

அந்த வியாழக்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்ப ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோது, அண்ணனுக்கு முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே சுரீரென்று ஒரு வலி வந்தது. எனக்கு முதல் ஷிப்ட். மூன்று மணிக்கு வீடு வந்ததும் போய்ப் பார்த்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகின்மேல் கையை மடித்துச் சாய்ந்திருந்தார். முகம் வேர்த்திருந்தது. பேத்தியின் கல்யாணப் பேச்சுக்காகத் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த அத்தை, சமையலறையில் அவருக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படிண்ணா இருக்குது?"

"கிழிக்கற மாதிரி இருக்குது பாப்பா. பிடிப்புதான். கார்டுல பாரு."

பார்த்தேன். "முதுகுப் பிடிப்பு" என்று ஒன்பது இடத்தில் இருந்தது. லூதியானாவில் வந்ததுதான் நீண்டது, மூன்று நாள். எல்லாவற்றுக்கும் ஐஸும் ஓய்வும்தான். கிழிக்கிற மாதிரி என்ற சொல் அந்த ஒன்பதில் ஒன்றில்கூட இல்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும், பத்தாவது வரியில் "முதுகுப் பிடிப்பு" என்றே எழுதினேன்.

"மூணு நாள்ல விட்ரும் அண்ணி. ஐஸ் வைங்க."

அண்ணி ஐஸ் பையைக் கையில் எடுக்கவே இல்லை. "ஐஸ் பேடா, ஐஸ் பேடா. ஆஸ்பத்ரெகெ ஹோகோணா" என்றார். ஐஸ் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அர்த்தம். கண் நிறைந்துவிட்டது. அவர் இதைக் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததாக அண்ணனே சொன்னார்.

"விடும்மா. பாப்பா சொன்னா சரியா இருக்கும்" என்றார் அண்ணன்.

நான் அண்ணியிடம், "பதினேழு வருஷ கார்டு அண்ணி இது. நீங்க பயந்து அவரையும் பயமுறுத்தாதீங்க" என்றேன். அண்ணி மறுபடியும், "பேடா பாப்பா, பேடா" என்றார். ஐஸ் பையை வாங்கி அண்ணனின் முதுகில் நானே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வலி குறைந்தது. இரண்டு இட்லி சாப்பிட்டார். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். "உன் நாத்தனா டாக்டர் மாதிரி" என்று அண்ணியைக் கிண்டல் செய்தார். நான் கார்டில் "ஐஸ், முன்னேற்றம்" என்று எழுதினேன். சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தவர் கட்டிலை எட்டுவதற்குள் விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து ஓசூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பார்த்த மாத்திரத்தில் பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அத்திப்பள்ளியைத் தாண்டி, வண்டிகள் நகராமல் நின்ற இடத்தில், பத்து ஐம்பதுக்கு மூச்சு அடங்கியது. ஸ்ட்ரெச்சருக்கு வெளியே நீண்டிருந்த அவர் கால்களை அண்ணி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

இதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தது என்றார் பெங்களூரில் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர். கை, கால், விரல்கள் அளவுக்கு மீறி நீண்ட உடல்வாகு உள்ள சிலருக்கு அந்தக் குழாய் பிறவியிலேயே பலவீனமாக இருக்குமாம். வியாழக்கிழமையே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார். இந்தப் பதிலை ஓராண்டாக எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். நல்ல விதமாக அர்த்தம் வரவில்லை. இரத்த உறவினர்கள் ஒருமுறை இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளும்படியும் அவர் சொன்னார். நானும் அண்ணன் மகளும் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் குறை இல்லை. மற்றவர்களும் தள்ளிப்போட வேண்டாம்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து கோவில் வளாகத்தில் நின்றிருந்தபோது, எனக்குப் பின்னால் அத்தை யாரிடமோ பேசியது காதில் விழுந்தது.

"நான் அங்கதான இருந்தேன். ஆஸ்பத்திரிப் பேச்சு எடுத்ததுமே அந்தப் பிள்ள பேடா பேடான்னு ஒரே பிடிவாதம். பேடான்னா வேண்டாம்னுதான அர்த்தம்? பஸ்ஸுல வரும்போது நான்கூட அதைக் கத்துக்கிட்டேனே."

அத்தைக்குக் கன்னடத்தில் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். சமையலறையிலிருந்து "ஆஸ்பத்திரி" காதில் விழுந்திருக்கிறது, "பேடா" காதில் விழுந்திருக்கிறது. எதை வேண்டாம் என்றார் என்பது விழவில்லை. அத்தை பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னார்.

நான் அந்த இடத்திலேயே திரும்பி நின்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும் என்பது எனக்குத் தெரியும். அப்படியே பதினோரு மாதம் போய்விட்டது. தை மாதம் நடந்த அத்தை பேத்தியின் கல்யாணத்துக்கு அம்மா பெயருக்கும் என் பெயருக்கும் பத்திரிகை வந்தது, அண்ணிக்கு வரவில்லை. அதற்குள் பேச்சு அண்ணியின் காதுக்கும் போயிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "விடு பாப்பா, அவங்களுக்கும் யாரையாவது சொல்லணும்ல" என்றார். சென்ற மாதம், வரும் ஜூனில் மகளை ஆனேக்கல் பள்ளியில் சேர்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். இருங்கள் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

நிறைய வாழ்க்கை வரலாறுகள் படித்திருக்கிறேன். கடைசி மூன்று நாள் பெரும்பாலும் ஒரே பத்தியில் முடிந்துவிடும். எழுதியவர்கள் எதையெதை விட்டிருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அவரைப் பத்தி மட்டும் எழுதக்கூடாதா? இதெல்லாம் படிச்சா உன்னை ஏதாவது சொல்வாங்க" என்றார். ஒரு வரியையும் நான் எடுக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணனைக் கட்டிலோடு தூக்கி இறக்கிய பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும் அவர் மகன்களுக்கும், நெரிசலில் இறங்கி ஒவ்வொரு வண்டியாகத் தட்டி வழி கேட்ட ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், அளவுக்குப் பெட்டி கிடைக்காமல் தவித்தபோது அன்றே செய்து தந்த பேரிகை ஊர்த் தச்சருக்கும், முன்பதிவில்லாத பெட்டியில் லூதியானாவிலிருந்து நின்றுகொண்டே வந்த பழைய அணித் தோழர்கள் இருவருக்கும், பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கம் முடிந்து மூன்று நாளும் வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப்போட்ட அத்தைக்கும் நன்றி.

அண்ணிக்கு நன்றி சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அண்ணனுக்கு வந்தது பிடிப்பு அல்ல என்று அந்த வீட்டில் முதலில் சொன்னவர் அவர். அவர் சொன்னதைக் கேட்க விடாமல் செய்தவள் நான்.

திருப்பலி முடிந்து சாப்பாட்டுக்கு வரும்போது அண்ணியும் மகளும் வாசலில் நின்று உங்களை வரவேற்பார்கள். அவர்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். கேட்க வேண்டியது ஏதும் இருந்தால் என்னிடம் கேளுங்கள். கடைசிப் பந்தி முடியும்வரை பரிமாறிக்கொண்டு அங்கேயேதான் இருப்பேன்.