பாப்பாவுக்கு முளைத்த மீசை

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறோம். வாசலிலேயே குழந்தை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறது. அந்த நேரத்தில் "கிட்ட வராதே" என்று சொல்லி அதை எப்படித் தள்ளி நிறுத்துவது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

சென்ற ஆண்டு, கோவையில் நான் பி.எட். முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கல்லூரி மேட்டுப்பாளையம் சாலையில், வீடு சிங்காநல்லூரில். வேதியியலில் பட்டம் வாங்கி, திருமணம், குழந்தை என்று சில வருடங்கள் ஓடிய பிறகுதான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பகலில் நாத்தனார் பார்த்துக்கொள்வார்.

எங்களுக்கு ஆய்வகப் பயிற்சி உண்டு. உடன் படிப்பவர்களையே பள்ளி மாணவர்களாக உட்கார வைத்து, ஒரு சோதனையைச் செய்து காட்டிப் பாடம் நடத்த வேண்டும். நான் எடுத்துக்கொண்டது தண்ணீரில் உப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை. ஒரு சோதனைக் குழாயில் சிறுவாணித் தண்ணீர், இன்னொன்றில் எங்கள் வீட்டு போர் தண்ணீர். இரண்டிலும் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சிறுவாணி லேசாக மங்கியதோடு சரி. போர் தண்ணீர் மோர் போல வெளுத்துவிட்டது. "இதையா குடிக்கறீங்க?" என்று வகுப்பே சிரித்தது.

சோதனைக்கு முன்பு பாதுகாப்பு விதிகளையும் சொல்ல வேண்டும். கோட்டு, கண்ணாடி, மூடிய செருப்பு, கடைசியில் சோப்பு போட்டுக் கை கழுவுதல். நான் இயல்பிலேயே பயந்தவள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். அதனால் விதிகளை ஒன்று விடாமல் சொன்னேன், செய்தும் காட்டினேன். பாராட்டும் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் இன்னொரு முறை கை கழுவிவிட்டுத்தான் மகளைத் தூக்கினேன். ராகிக் கூழ் ஊட்டிவிட்டு, சேலையைக்கூட மாற்றாமல் அப்படியே அவளோடு விளையாடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவளை வெயிலில் தூக்கி வைத்திருந்த என் கணவர் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"அம்மணி, இங்க வந்து பாரு. உம்பட புள்ளைக்கு மீசை மொளச்சுருச்சு!"

மேலுதட்டுக்கு மேலே, வாயோரத்தில், கன்னத்தில் பழுப்பும் கருப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. சாக்லேட் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. சோப்பு போட்டேன். அப்போதும் போகவில்லை. அந்த நேரத்தில்தான் துடைத்துக்கொண்டிருந்த என் விரலைப் பார்த்தேன். அதன் நுனியிலும் அதே நிறத்தில் ஒரு புள்ளி.

சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் உடனே தெரியாது. வெளிச்சம் பட்ட பிறகுதான் மெதுவாகக் கறுக்கும். இதைப் படித்தவள் நான். வாயைச் சுற்றி இவ்வளவு இருக்கிறதென்றால் உள்ளே எவ்வளவு போனதோ?

"ஏனுங்க, சிரிக்காதீங்க. இது லேப்ல இருக்கற மருந்துங்க. பாப்பா முழுங்கிப்போட்டாளோ என்னமோ!"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று கல்லூரிக்குப் புதிதாகக் கட்டியிருந்த வேறு சேலையோடு வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் என்னென்ன நினைத்தேன் என்று எழுதவே கூசுகிறது. படிப்பும் வேண்டாம், வேலையும் வேண்டாம், இவள் நன்றாக இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

மருத்துவர் ஒரு பெண்மணி. முந்தைய நாள் செய்த சோதனையைச் சொன்னேன். மகளின் வாயைத் திறந்து விளக்கடித்து, நாக்கு, அண்ணம், ஈறு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்க. புண்ணும் இல்ல. இது மேல்தோல்ல ஏறுன கறைதான். கை கழுவுனீங்களா?"

"ரெண்டு தடவை கழுவுனேனுங்க, மேடம்."

"அப்பறம் எப்படி வந்துச்சு?"

அப்போது மடியில் இருந்த மகள் எச்சில் ஒழுக்கினாள். என் கை தன்னால் முந்தானையை எடுத்து அவள் வாய்க்குக் கொண்டுபோனது. பாதியிலேயே நின்றேன். மருத்துவரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தைய நாள் கூழ் ஊட்டிய பிறகும் இப்படித்தான், முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவள் வாயைத் துடைத்தேன். பயிற்சி மாணவிகள் சேலைதான் கட்ட வேண்டும். அதன் மேல்தான் கோட்டு. கோட்டுக்குக் கீழே தொங்கிய முந்தானை நுனி, மேசையில் சிந்திய துளிகளில் பட்டிருக்க வேண்டும். அன்று கட்டியிருந்தது காப்பிக்கொட்டை நிறச் சேலை, கறை கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அழுக்குக் கூடையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் நுனியில் கறுத்த திட்டுகள் தெரிந்தன.

"பயப்படாதீங்க அம்மணி, தோல் புதுசாகறப்ப தானாப் போயிரும். தேய்ச்சு எடுக்கறேன்னு புள்ளையப் படுத்திப்போடாதீங்க. வாந்தி, காய்ச்சல்னா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார் மருத்துவர். வெளியே வந்து மரத்தடியில் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளோ என் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். "நேத்து எனக்கும் தொடச்சு உட்டிருந்தீன்னா, எம்பட மீசைக்குச் சாயம் போடற வேலை மிச்சமாயிருக்கும்" என்றார் கணவர். அழுகையோடு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கறை நாளாக நாளாக மங்கிக் காணாமல் போனது.

பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போனபோது, ஆய்வக வகுப்பை விதிகளோடு தொடங்காமல், "ஈரக்கையை நீங்க எதுல தொடைப்பீங்க?" என்று கேட்டேன். மாணவிகள் குனிந்து துப்பட்டாவைப் பார்த்தார்கள். மாணவர்கள் கால்சட்டைப் பக்கம் கையைக் கொண்டுபோய்விட்டு அசடு வழிந்தார்கள். துப்பட்டாவைக் கோட்டுக்குள் செருகிக்கொண்ட பிறகுதான் குடுவையைத் தொட விட்டேன்.

இப்போதெல்லாம் ஆய்வகத்துக்கென்று ஒரு சேலையைத் தனியாக வைத்துக் கல்லூரியிலேயே மாற்றிக்கொள்கிறேன். ஆனாலும் வீட்டு வாசலில் மகள் ஓடி வரும்போது ஒரு கணம் தயங்குகிறேன். என் தயக்கத்தைப் பார்த்து அவளும் நின்றுவிடுகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. மருத்துவமனையிலும் சாயப்பட்டறையிலும் ஆய்வகத்திலும் வேலை முடித்து வீடு திரும்பும் அம்மாக்களே, அந்த ஒரு நிமிடத்தை நீங்கள் எப்படிக் கடக்கிறீர்கள்? எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாருங்களேன்.