வெண்கட்டிக் கார்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு கராஜில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எட்டு நாள் நின்றது. இரண்டு சீற், நீண்ட மூக்கு, கதவு கிடையாது, கூரையும் கிடையாது. என்னுடைய பள்ளிக்கூட வெண்கட்டியால் சீமெந்து நிலத்தில் கீறிய கார் அது. அதற்குப் பிறகு எத்தனையோ கார்களில் ஏறிவிட்டேன். எதிலும் அந்தச் சுகம் வரவில்லை.

அப்பா செவன் ஹில்ஸில், கதவை நிலையோடு சேர்க்கும் பிணைச்சல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். அவருடைய இயந்திரம் பிணைச்சலில் ஓட்டை போடும், அவ்வளவுதான். காலையில் போய் மாலைவரை ஓட்டை போட்டுவிட்டு வருவார். அந்தப் பிணைச்சல்கள் எந்த வீட்டில் எந்தக் கதவைத் தாங்குகின்றன என்று அவர் கண்டதில்லை. ஒரு முழுப் பொருளை முதலிலிருந்து கடைசிவரை தன் கையால் செய்து பார்க்கவேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. அது ஒரு கதிரையாகவோ புத்தகத் தட்டாகவோ இருந்திருந்தால் யாருக்கும் தொல்லை இருந்திராது. ஆனால் ஒரு சனிக்கிழமை, அவரோடு வேலை செய்த கிரேக்கர் ஒருவர், தன் வீட்டில் தானே கட்டி முடித்த காரை எங்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பாவை ஏற்றிக்கொண்டு தெருக்களைச் சுற்றிவிட்டு வந்தார். இறங்கும்போது அப்பாவின் தலைமயிர் முழுவதும் நட்டுக்கொண்டு நின்றது. அதை வாரவே இல்லை. அப்படியே உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

"பெட்டி பெட்டியா சாமான் வரும். நாங்கள்தான் கட்டவேணும்," என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா அந்தக் காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"கதவு எங்க?"

"கதவில்லை."

"கூரை?"

"கூரையும் இல்லை."

"பாதிச் சாமானை விட்டுட்டு, மிச்சத்தையும் எங்களையே கட்டச் சொல்லுகினமோ?"

நாள் முழுக்கக் கதவுப் பிணைச்சலோடு மாரடிக்கும் மனிதருக்குக் கதவே இல்லாத வாகனம் ஏன் பிடித்துப்போனது என்று அம்மா யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் யோசிக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் கட்சி. பள்ளிக்கூட வாசலில் அந்தக் காரிலிருந்து இறங்கப்போகும் என்னை ஏற்கெனவே பல தடவை பார்த்து ரசித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு கதையில்லை. கட்டி முடிக்க இரண்டு வருடமாகும், முடிந்ததும் ஓர் என்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் நம்பர் பிளேட் என்று அப்பா தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் படித்தார். அம்மா ஒவ்வொரு நாளும் ஒரு காரணத்தோடு வந்தார். மழை பெய்தால் நனையும். இருப்பது இரண்டு சீற், நாங்கள் நாலு பேர். கோயிலில் புதுக்காருக்குப் பூசை செய்வார்களே, பெட்டிகளாக வந்தால் எந்தச் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பது? காசைப் பற்றி மட்டும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எதைக் கண்டாலும் முதலில் விலையைக் கேட்கிற மனுஷி. எனக்கு அப்போதே உறைத்திருக்கவேண்டும்.

நாலு பேரில் நாலாவது ஆள் மாமா, அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து படகில் வந்து, அகதி முகாமில் சில மாதம் இருந்துவிட்டு, எங்களிடம் வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. வேலை செய்ய அனுமதியில்லாத விசா அவருடையது. வேலை செய்யக்கூடாத அந்த மனிதர் வீட்டில் செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. வெங்காயம் உரிப்பார், எல்லாருடைய சட்டையையும் அயன் பண்ணுவார், என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போய்க் கூட்டிவருவார், பக்கத்து வீட்டு வியட்நாம் அன்ரியின் புல்லையும் சேர்த்து வெட்டிவிடுவார். யாராவது நன்றி சொன்னால், "சும்மா இருந்தா எனக்குத் துருப் பிடிச்சிடும்," என்பார்.

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்று அப்பா அம்மாவுக்கு. மற்றது எனக்கு, அதில் என் கட்டிலைப் போட்ட பிறகு கால் வைக்க இடமில்லை. அதனால் மாமா கராஜில் இருந்தார். ஒரு மடக்குக் கட்டில், ஒரு சின்ன ஹீற்றர், அம்மாவின் பழைய சேலையில் ஒரு திரை, உடுப்புக்கு மூன்று பிளாஸ்டிக் பெட்டி.

இப்போது எழுதும்போது எல்லாம் வெளிச்சமாக இருக்கிறது. கார் கட்ட கராஜ் வேண்டும். கராஜில் மாமா இருக்கிறார். ஆனால் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா சொன்னால் தம்பியின் காதில் விழுந்து அவர் மனம் நோகும். அப்பா சொன்னால் மச்சானை வீட்டைவிட்டுக் கிளப்புவது போலாகும். ஆகவே இரண்டு பேரும் கதவையும் கூரையையும் வைத்துச் சண்டை பிடித்தார்கள்.

காருக்காக அதிகம் வாதாடியவர் மாமாதான்.

"கராஜுக்குள்ள அடங்குமோ எண்டு முதல்ல பாப்பம் அத்தான்," என்று சொல்லி, என்னிடம் வெண்கட்டி வாங்கினார். கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்தார். அளவு நாடாவின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முழங்காலில் நின்று முழு அளவில் காரைக் கீறினார். நாலு சில்லு, ஸ்டியரிங், இரண்டு சீற். அடங்கியது. சுற்றிவர ஆள் நடக்கவும் இடமிருந்தது. அப்பா கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே ஓட்டுநர் சீற்றில் உட்கார்ந்து காலை நீட்டினார். பக்கத்தில் நான். மாமா பொலிஸ்காரராகி எங்களை மறித்தார். லைசென்ஸ் கேட்டார். குடித்திருக்கிறாரா என்று பார்க்க அப்பாவை ஊதச் சொன்னார். அப்பாவும் ஊதினார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குசினி வாசலில் நின்று பார்த்த அம்மாவும் சிரித்தார். பிறகு சட்டென்று உள்ளே போய்விட்டார்.

விளையாட்டு முடிந்ததும் மாமா கட்டிலைத் திரும்ப விரித்தார். அது சரியாக என் சீற்றின் மேலே வந்து நின்றது.

"கார் வந்தா நீங்கள் எங்க படுப்பீங்கள் மாமா?"

"காருக்குள்ளதான். கதவு திறக்கிற வேலையும் இல்லை, காலமை எழும்பி அப்பிடியே நடந்து போகலாம்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் வகுப்பில் யாருடைய மாமா ஸ்போர்ட்ஸ் காரில் படுக்கிறார்? பக்கத்தில் நின்ற அப்பாவும் சிரித்தார். அவரும் அதைப் பாதி நம்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆசை பிடித்துவிட்டால் பெரியவர்களும் நம்புவார்கள்.

அந்தக் கார் எங்களோடு வாழத் தொடங்கியது. கட்டில் கால் பட்டும் செருப்புப் பட்டும் கோடுகள் அழிந்துபோகும். மாமா தினமும் காலையில் கட்டிலை மடக்கிவிட்டு அழிந்த இடங்களைத் திரும்பக் கீறுவார். உடுப்புத் தோய்க்கும் இயந்திரமும் கராஜில்தான் இருந்தது. அழுக்குக் கூடையோடு வரும் அம்மா, காரை எதிர்த்துக்கொண்டிருந்த அதே அம்மா, கோட்டின் மேலே மிதிக்காமல் காரைச் சுற்றித்தான் போவார். வியட்நாம் அன்ரியின் மகளைக் கூட்டிவந்து காட்டினேன். அது வெறும் படம் என்றாள். இப்போதைக்கு அப்படித்தான் என்றேன்.

அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தால் வரும்போது மாமா போனில் யாரோடோ கதைத்தார். மெரிலேண்ட்ஸில் ஓர் அறையில் நாலைந்து பேராகச் சேர்ந்திருந்த பொடியள் அவருக்குப் பழக்கம். "ஒராளுக்கு இடமிருக்குமோ? மூலையெண்டாலும் காணும்," என்று கேட்டார். யாரோ பாவப்பட்டவருக்கு இடம் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மாமா எல்லாருக்கும் உதவி செய்கிறவர்தானே. வீட்டில் சொல்லவேண்டிய விஷயமாக எனக்கு அது தோன்றவில்லை.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிரேக்கருக்கு அடுத்த நாள் முடிவு சொல்லவேண்டும். அவருக்குத் தெரிந்த யாரோ வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்த பெட்டிகள் அவை. கேட்டு இன்னும் ஒருவர் வந்திருக்கிறாராம். அம்மா யோசித்துவிட்டு, "பூக்கட்டிப் பாப்பம்," என்றார். இரண்டு பொட்டலம். சிவப்பு வந்தால் கார் கட்டுவது, வெள்ளை வந்தால் விடுவது. சுவாமி படத்துக்கு முன்னால் வைத்து நான் ஒன்றை எடுக்கவேண்டும். எது வந்தாலும் பிறகு ஒருவரும் முணுமுணுக்கக் கூடாது. கல்யாணம், வீடு என்று எங்கள் ஆட்கள் எத்தனையோ விஷயத்தை முருகனிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி அவரைக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"நாங்கள் ரெண்டு பேரும் கட்டினா கள்ள வேலை எண்டு கதை வரும். நீ கட்டு தம்பி," என்று அம்மா மாமாவிடம் சொன்னார்.

மாமா குளித்துவிட்டு முன்வேலிப் பக்கம் போனார். வீட்டை எங்களுக்கு விற்றுப்போன வெள்ளைக்கார அம்மா நட்ட ரோசாச் செடிகள் அங்கே நின்றன, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. என்னுடைய சாண்ட்விச் சுற்றும் தாளில் இதழ்களை வைத்து, நூலால் கட்டி, ஒரே அளவான இரண்டு பொட்டலங்களைப் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். நான் கண்ணை மூடி, "முருகா சிவப்பு, முருகா சிவப்பு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.

சிவப்பு.

நான் போட்ட சத்தம் வியட்நாம் அன்ரி வீடுவரை கேட்டிருக்கும். மாமா கைதட்டினார். "அத்தான், முருகனே சொல்லிப்போட்டார். இனியென்ன யோசனை, கட்டுங்கோ!" அம்மா விளக்குத் திரியைத் தூண்டினார். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. கிரேக்கரின் காரிலிருந்து இறங்கியபோது அப்பாவுக்கு இருந்த முகம் திரும்ப வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. அவர் கைதட்டும் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மற்றப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார்.

"இதைக் கால் படாத இடத்தில போட்டிட்டு வாறன்."

குசினி யன்னலால் பார்த்தேன். பின்வளவில் கறிவேப்பிலை மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு பொட்டலத்தைப் போட அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு நேரே கராஜுக்குப் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

நான் ஓடிப்போவதற்குள் காரின் முன் சில்லு இரண்டும் போய்விட்டன. சுவாமி கும்பிட உடுத்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா தும்புத்தடியால் நிலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! ஸ்டொப்! என்ன செய்யிறீங்கள்?"

"இந்தக் கார் எங்களுக்குச் சரிவராது குஞ்சு. ரெண்டு சீற்தானே."

அது அம்மாவின் காரணம். அதைத் தன்னுடையதுபோல எடுத்துச் சொன்னார்.

"முருகன் ஓம் எண்டு சொன்னவர்! இட்ஸ் நொட் ஃபெயார்!"

"முருகனோட நான் கதைச்சிட்டன்," என்றார் அப்பா.

மாமா எனக்குப் பின்னால் வந்து நின்றார். "அத்தான், பூ..." என்று தொடங்கினார். அப்பா நிமிரவில்லை. "தம்பி, மற்றத் தும்புத்தடியை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேய். உன்ர கட்டில் நனையாமப் பார்," என்றார். மாமா தடியை எடுத்து என் சீற்றைத் தேய்க்கத் தொடங்கினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. காருக்காக அழுகிறார், என் பக்கம் ஒருவராவது இருக்கிறார் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஐந்து நாள் நான் அப்பாவோடு கதைக்கவில்லை. அந்த ஐந்து நாளும் அம்மா அவருக்குப் பிடித்த கறிகளாகச் சமைத்துப் போட்டார். கட்சி மாறியதற்குக் கூலி என்று நான் எண்ணிக்கொண்டேன்.

மாமா அதற்குப் பிறகும் நாலு வருடம் அந்த கராஜில் இருந்தார். பிறகு வேலை செய்ய அனுமதி வந்தது. மெல்பேர்னில் கிளேட்டன் பக்கம் போய், கல்யாணம் முடித்து, இப்போது சொந்த வீட்டில் இருக்கிறார். அவருடைய கார் எப்போதும் றோட்டில்தான் நிற்கும். கராஜில் கட்டிலும் ஹீற்றரும் போட்டிருக்கிறார். இடமில்லாத யாராவது ஒரு பொடியன் அதில் இருப்பான். அப்பா இன்னும் பிணைச்சலில் ஓட்டை போடுகிறார். தான் முழுசாக ஒன்றும் செய்ததில்லை என்று சில நேரம் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அழுதுகொண்டே நான் கறிவேப்பிலை மரத்தடிக்குப் போனேன். அப்பா பிரித்துப்போட்ட தாள் அங்கே கிடந்தது. தாளின் மேலே ரோசா இதழ்கள், எல்லாம் சிவப்பு. நான் எடுத்த இதழ்கள் என் கைக்குள்ளேயே கசங்கியிருந்தன. இரண்டு பொட்டலத்திலும் மாமா சிவப்பையே கட்டி, தன் கட்டிலை எங்கள் காருக்குக் கொடுத்திருந்தார். அதைப் பிரித்துப் பார்த்த அப்பா, தன் காரை மாமாவின் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டார். பத்து வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே விளங்கியது? ஒரு பொட்டலத்தில் சிவப்பென்றால் மற்றதில் வெள்ளை இருக்கவேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த வெள்ளையைக் காணாமல் விடுவதில்லை என்று புல்லை விலக்கி விலக்கித் தேடினேன். ஓர் இதழ்கூட அகப்படவில்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன்.