அவில்டா நுழையாத ஒரே வீடு

ஹாகுவா மேட்டில் அவில்டாவைக் கண்டு பயப்படாதவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, ஊருக்குப் புதிதாக வந்தவர்கள். இன்னொன்று, காது கேட்காதவர்கள். மருந்துத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்து, பணிக்காலம் முடிந்ததும் மலையேறி வந்து, சொந்த வீட்டில் காபிச் செடி வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கப்போகிறேன் என்று சொன்னவள். நிம்மதியாவது ஒன்றாவது! செப்டம்பரில் தீவையே புரட்டிப்போட்ட புயல் வந்தது. கரண்ட் போஸ்ட் மரங்களை எல்லாம் முறித்துப் போட்டது. அவில்டாவுக்கு இரண்டாவது ஆயுசு ஆரம்பித்தது.

மேட்டில் ஒவ்வொரு வீடாக ஜெனரேட்டர் முளைத்தது. ஃப்ளோரிடாவில் இருக்கிற பிள்ளைகள் கப்பலில் அனுப்பியது, பாதி விலைக்குப் பக்கத்து ஊரில் வாங்கியது, எங்கே கிடைத்தது என்று கேட்கக் கூடாதது என்று பல ரகம். வாங்கியவர்களுக்கு இழுத்து ஸ்டார்ட் பண்ணத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அவில்டா கையில் கட்டிங் பிளையருடன் கிளம்பினாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தான் வருவேன் என்று அவள் சொன்னதும் இல்லை.

பேக்கரிக்காரர் டோன் மோன்செ வீட்டில் ஜெனரேட்டரிலிருந்து ஒரு பச்சை வயர் இறங்கி ரோஜாச் செடிக்குள் போவதைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"எர்த்து. நீதானம்மா மண்ணுல கம்பி அடிக்கச் சொன்ன?"

"டோன் மோன்செ, இது பூந்தொட்டி!"

"கீழ பூரா பாறை. கம்பி எறங்க மாட்டேங்குது. தொட்டியிலயும் மண்ணுதான இருக்கு?"

"அப்ப நீங்க செத்தாலும் இந்தத் தொட்டியிலயே பொதைச்சுருவோம். எடம் மிச்சம்."

திட்டிக்கொண்டே ஓடைப் பக்கம் ஈரமண் இருக்கிற இடம் தேடி, எட்டடிக் கம்பியைச் சாய்வாக அடித்து இறக்கிவிட்டுத்தான் போனாள். டோன் மோன்செ கொடுத்த ரொட்டியை வாங்காமல் போகவும் இல்லை.

வேலையில் அவளுக்கு ஒரு வெறியே இருந்தது. அங்கே வீட்டுக்குள் இரண்டு பேஸ் கம்பி வரும், கூடவே ஒரு நியூட்ரல். ஏதாவது ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் நூற்றிருபது வோல்ட். ஃபிரிட்ஜும் டிவியும் அதில் ஓடும். இரண்டு பேஸுக்கும் நடுவில் இருநூற்று நாற்பது. அடுப்பும், தண்ணீர் மோட்டாரும், துணி காயவைக்கிற மெஷினும் அதைத்தான் கேட்கும். நடுவில் நியூட்ரல் கழன்றுவிட்டால் ஒரு பக்கத்துச் சாமான் பட்டினி கிடக்கும், மறுபக்கத்துச் சாமான் அளவுக்கு மீறித் தின்று வெடிக்கும். கோயில் பாட்டுக்குழுவின் கீபோர்டு அப்படித்தான் பூசை நடுவில் புகைந்தது. எர்த்தையும் நியூட்ரலையும் வீட்டுப் போர்டில் ஒரே இடத்தில்தான் சேர்க்க வேண்டும், ஜெனரேட்டரிலும் இன்னொரு தடவை சேர்த்துக் கட்டாதே என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். பாட்டுக்குழு அதையும் ராகம் போட்டுப் பாடிக் கிண்டலடித்தது.

ஆனால் அவள் நிஜமாகவே கொதித்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: ஆம்பளை வயர். இரண்டு பக்கமும் முள் நீட்டிய வயர் அது. ஒரு முனையை ஜெனரேட்டரில் குத்தி, மறுமுனையைத் துணி காயவைக்கிற மெஷினின் பிளக் பாயிண்டில் குத்தினால் வீடு முழுக்க வெளிச்சம். சுலபமான வழி. மெயின் சுவிட்சை அணைக்க மட்டும் மறந்துவிட்டால், அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. வெளியே போய், போஸ்ட் மரத்து டிரான்ஸ்பார்மருக்குள் பின்வாசல் வழியாக நுழைந்து, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கம்பியில் ஏறும். அங்கே லைன்மேன் கை வைத்திருந்தால் அவன் கதை அதோடு முடிந்தது.

"பேரு வெச்சவன் சரியாத்தான் வெச்சிருக்கான். ரெண்டு பக்கமும் திமிரு!" என்று சொல்லி, கண்ட இடத்தில் அதை வெட்டிப் போட்டாள். வெட்டிய வீட்டுக்கு டவுனிலிருந்து சரியான சுவிட்சு வாங்கி வந்து மாட்டியும் கொடுத்தாள். மெயினும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் ஏறாதபடி நடுவில் தகடு வைத்த சுவிட்சு. கிறிஸ்துமஸ் வருவதற்குள் மேட்டில் அவள் நுழையாத வீடு ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

அது நில்சாவின் வீடு. அவில்டாவின் முன்னாள் கணவன் எப்ராயினின் தங்கை. எப்ராயின் லைன்மேன், எங்கே புயல் அடித்தாலும் அங்கே கிளம்பிவிடுகிற ஆள். அவனுக்கும் கோபம் வரும், அவளுக்கும் கோபம் வரும். "ரெண்டும் பேஸு, நடுவுல நியூட்ரல் இல்ல, எப்படிக் குடும்பம் ஓடும்?" என்று ஊர் சிரித்தது. பிரிந்த அன்று நில்சா அண்ணன் பக்கம் நின்றாள். அதிலிருந்து பேச்சு இல்லை. இருவர் வீடும் ஒரே சந்தில்தான், நடுவில் டோன் சாகோவின் வீடு மட்டும். தினமும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் அவில்டா போவாள். உள்ளே ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்கும். கூப்பிட்டால் போகலாம் என்று நினைப்பாள். நில்சா கூப்பிடவில்லை. ஊரில் யார் கூப்பிட்டு எந்த வீட்டுக்குப் போனாள் இவள்? அதை மட்டும் யோசிக்கவில்லை.

மூன்று ராஜாக்கள் திருநாளும் முடிந்த பிறகு, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலையில் லைன்மேன் வண்டிகள் மலையேறின. அடேயப்பா, என்ன வரவேற்பு! கார்கள் ஹாரன் அடித்தபடி முன்னால் போயின. பெட்ஷீட்டில் நன்றி என்று பெயிண்ட் அடித்துத் தொங்கவிட்டார்கள். டோன் மோன்செ முழுப் பன்றியைச் சுட்டுக்கொண்டிருந்தார். முதல் வண்டியின் படியில் தொங்கிக்கொண்டு வந்தவன் எப்ராயின். அவில்டா காபிச் செடிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முடி நரைத்துப்போயிருந்தது. பாவி, இன்னும் இளைத்துத்தான் இருக்கிறான் என்று அவளுக்கு ஏனோ வருத்தமாக இருந்தது.

கரண்ட் வரப்போகிறது என்றதும் வீட்டுக்கு வீடு மெயின் சுவிட்சைப் போட்டு வைத்துக் காத்திருந்தார்கள். காலையிலேயே நில்சாவும் போட்டுவிட்டாள். அத்தனை மாதமும் மறக்காமல் மெயினை அணைத்த பிறகே வயரைக் குத்திய பெண் அவள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மத்தியானத்துக்குள் மேட்டு லைன் முழுக்க இழுத்து முடித்தார்கள். நில்சாவின் சந்தில் வண்டி ஏறாது என்பதால், எப்ராயின் முள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கடைசிப் போஸ்ட்டில் ஏறினான். கம்பி செத்திருக்கிறதா என்று சோதித்துவிட்டு, வேலை முடிந்ததென்று, தப்பித்தவறி கரண்ட் வந்தால் மண்ணுக்கு இறக்கிவிடுகிற எர்த் கிளிப்பையும் கழற்றினான். சந்து முனையில், சந்துக்குள் கரண்ட் விடுகிற ஃபியூஸ் இன்னும் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட வேண்டியதுதான் பாக்கி. கீழே கூட்டம் கைதட்டியது. அவன் கையுறையைக் கழற்றி எல்லோருக்கும் கையை ஆட்டினான்.

ஜன்னல் வழியாக அதைப் பார்த்த நில்சாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் அண்ணன் மேலே நிற்கிறான், கீழே ஒரு பாட்டு இல்லையா! ஸ்பீக்கரை ஜன்னலில் தூக்கி வைத்தாள், ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணினாள், வயரைக் குத்தினாள். மெயின் நினைவே வரவில்லை.

டோன் சாகோ வீட்டு வாசல் பல்பு எரிந்தது.

"கரண்ட் வந்துருச்சு!" என்று ஒரு பெண் அலறினாள். அவ்வளவுதான். சந்தே கிறுக்குப் பிடித்ததுபோல ஆடியது. சட்டியைத் தட்டினார்கள், அழுதார்கள், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். டோன் சாகோ பல்புக்குக் கீழே நின்று சிலுவை போட்டார்.

அவில்டாவும் ஒரு நொடி கையைத் தூக்கிவிட்டாள். அப்புறம் சந்து முனையைப் பார்த்தாள். ஃபியூஸ் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. டோன் சாகோவிடம் ஜெனரேட்டர் கிடையாது. அந்த டிரான்ஸ்பார்மரில் மூன்றே வீடு: அவருடையது, அவளுடையது, நில்சாவுடையது. அவளுடையதில் எதுவும் ஓடவில்லை. மேலே எப்ராயின், கையுறை போடாத கையால், தளர்ந்திருந்த ஒரு கட்டுக்கம்பியை இறுக்கப் போனான்.

"எப்ராயின்! கையை எடுடா!"

அந்தச் சத்தத்துக்கு அத்தனை ஹாரனும் அடங்கிப்போயிற்று. குடும்பம் நடத்திய காலம் முழுக்க அவன் கேட்ட குரல். ஏன், எதற்கு என்று யோசிக்கவில்லை. பழக்கதோஷம், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். மோதிரம் மாற்றிய நாள் முதல் அவள் சொன்னதை உடனே கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அப்படியே நில்லு! கம்பியில கரண்ட்டு!"

சொல்லிக்கொண்டே ஓடினாள். கேட்டைத் திறக்க நேரமில்லை, தாவினாள், பாவாடை கிழிந்தது. பின்கட்டில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. வயரைப் பிடுங்கவில்லை, பிடுங்கினால் அந்த முள்ளே ஆளைக் கொல்லும். முதலில் இன்ஜினை அணைத்தாள். பாட்டு பாதியில் செத்தது. டோன் சாகோவின் பல்பும் அணைந்தது. பிறகு உள்ளே ஓடி மெயினை இறக்கினாள்.

நில்சா சாதக் கரண்டியோடு வந்தாள்.

"என் வீட்டுக்குள்ள உனக்கு என்னடி வேலை? எங்கண்ணனுக்குப் பாட்டுப் போட்டா உனக்கு எரியுதா?"

அவில்டாவுக்கு மூச்சு வாங்கியது. மெயின் போர்டைக் காட்டினாள், வயரைக் காட்டினாள், ஜன்னலுக்கு வெளியே கையைத் தூக்கியபடி நிற்கிற ஆளைக் காட்டினாள். நில்சா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கரண்டி கீழே விழுந்தது.

"நானா?" என்றாள். "நானா அண்ணி? எங்கண்ணன நானா?"

அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

எப்ராயின் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. வாசலில் வந்து நின்றான். அவில்டா அவனையும் விடவில்லை.

"எர்த் கிளிப்பைக் கழட்டிட்டு வெறுங்கையை வெப்பியா? புத்தி இருக்கா? எத்தனை வருஷ சர்வீஸ்டா உனக்கு?"

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கா? இந்த வீட்டுல இந்த வயரு இருக்கும்னு எனக்கு எப்பவோ தெரியும்." அவள் கேட்டைக் காட்டினாள். "ஊர்ல பூந்தொட்டி வரைக்கும் தேடித் தேடிப் பார்த்தேன். இந்தக் கேட்டைத் தாண்டித் தாண்டிப் போனேன். உன் தங்கச்சி வாய் தொறந்து கூப்பிடலைன்னு வீம்பு. நீ இன்னைக்குக் கருகியிருந்தா அது நான் பண்ணினது."

"நானும் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் நில்சா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ வரட்டும்னு."

எப்ராயின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதுக்கு நான்தான் பொரியணுமா?"

வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் முதலில் டோன் மோன்செ சிரித்தார், பிறகு எல்லோரும். நில்சாகூட அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அவில்டா மட்டும் சிரிக்கவில்லை.

அவன் மறுபடி போஸ்ட்டில் ஏற வேண்டியிருந்தது. இந்தத் தடவை கையுறை, எர்த் கிளிப், எல்லாம் முறைப்படி. வயரைக் கழற்றித் தூரப் போட்டாயிற்று, மெயினும் இறங்கியிருக்கிறது. இருந்தும் அவில்டா பின்கட்டுக்குப் போய் ஜெனரேட்டர் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். நில்சா வந்து பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே அவன் கட்டுக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். இருவரும் கண்ணிமைக்காமல் பார்த்தார்கள்.

"அண்ணி, மெஷினு சூடு ஆறல. பின்னாடி சுடுது."

"சுடட்டும்" என்றாள் அவில்டா, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "அவன் கால் தரையில படுற வரைக்கும் எந்திரிக்காத."